லெபோ பசார் காசு மாற்றும் கடை: ரேட் நல்லது, வாதம் இலவசம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் காசு மாற்றும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சுற்றுலாக் குழு கூட்டிப் போவது என் பிழைப்பு. நாலு கடை விசாரிக்காமல் ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) மாற்ற மாட்டேன். லெபோ பசாரில், புடவைக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும் இந்தக் கடையில்தான் ரேட் பெரும்பாலும் தோதாக இருக்கிறது.

குறை ஒன்று உண்டு. கடைக்காரர் பாய் நோட்டைப் பார்க்கும் பார்வை. நூறு டாலரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தை விரலால் நீவி, மடிப்புத் தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். 1996க்கு முந்தைய, சின்னத் தலை போட்ட டாலர் என்றால் விலையைக் குறைத்துவிடுவார். அமெரிக்காவில் அது இன்றும் செல்லும் பாய் என்றால், "அப்ப அங்கயே போய் மாத்திக்கம்மா" என்பார். ஐந்து, பத்து டாலர் தாள்களுக்கும் அதே கதிதான்.

கூட்டம் இல்லாத நேரம் போனால் உலகம் எங்கே போகிறது என்ற பேச்சும் கிடைக்கும். எந்த ஊர் நோட்டை ஜனங்கள் கேட்கிறார்களோ அந்த ஊர் வளரும், இது பாயின் கணக்கு. என் கணக்கு வேறு. அவர் ரேட் பலகையிலிருந்து முதலில் இறங்கப்போவது பக்கத்து நாட்டுக் காசுகள்தான். தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் அந்த ஊர்க் காசான பாட்டைக் கட்டாக வாங்கினார்கள். 2021-இல் தாய்லாந்து கியூஆர், போனில் காசு கட்டும் நம் மலேசிய முறையான டூயிட்நவ்வோடு இணைந்தது. 2023-இல் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும். இப்போது என் குழுவில் வரும் அக்காமார்கள் சந்தையில் மாம்பழத்துக்குக்கூடப் போனைத்தான் நீட்டுகிறார்கள். ஐரோப்பா ஒப்பந்தம் போட்டு ஒரே காசுக்கு வந்தது. 2023-இல் குரோவேஷியா, 2026-இல் பல்கேரியா என்று இன்னும் ஆள் சேர்க்கிறது. நம் வட்டாரம் அந்த வழிக்குப் போகாது. அவரவர் காசு அவரவருக்கு, கடையில் காசு கட்டும்போது மட்டும் எல்லை தெரியாது. பதினைந்து வருஷத்துக்குள் பாட் வாங்க இங்கே ஆள் வராது என்றேன். "நெட் போயிருச்சுன்னா மாம்பழத்தைத் திருப்பிக் குடுப்பியா?" என்றார் பாய். அதுவும் நியாயம்தான்.

ஜப்பான் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை இல்லை. 2024-இல் டாலருக்கு 160 யென் வரை போனபோது நம் ஆட்கள் ஒசாக்காவுக்குப் பறந்தார்கள். ஜப்பானில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். இனி அங்குள்ள ஓட்டல்களை வியட்நாம், நேப்பாளப் பிள்ளைகள்தான் நடத்துவார்கள் என்பது இருவர் முடிவும்.

ஆப்பிரிக்காவில்தான் அவர் என்னை நம்பவில்லை. 2050 வாக்கில் உலகில் நாலில் ஒருவர் அங்கே இருப்பார் என்று ஐ.நா. கணிக்கிறது. மற்ற கண்டங்கள் நரைக்கும்போது அது இளசாக இருக்கும். கென்யா ஷில்லிங்குக்குப் பலகையில் ஒரு வரி ஒதுக்குங்கள் என்றால் சிரிக்கிறார்.

இந்திய ரூபாய் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 2016 நவம்பரில் 500, 1000 செல்லாமல் போனது, 2023-இல் 2000 தாளைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் அவர் அதிகம் சேர்த்து வைப்பதில்லை. நம் வெள்ளியைப் பற்றி மட்டும் நான் ஆரூடம் சொல்வதில்லை. 1998 முதல் 2005 வரை 3.80 வெள்ளியில் கட்டிப்போட்டிருந்த டாலர், 2024 தொடக்கத்தில் 4.80-ஐ ஒட்டி நின்றதைப் பார்த்தவள் நான்.

கார்டு வாங்க மாட்டார். பெரிய தொகைக்கு ஐசி (அடையாள அட்டை) அவசியம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள்.