சர்வைவல் கேம்களில் குடிதண்ணீர்: ஆடிப் பார்த்தவனின் அனுபவம்

சர்வைவல் கேம் என்றால் பசி, தாகம், குளிரைச் சமாளித்து உயிர் பிழைப்பதே ஆட்டம். அந்த வகையில் தி லாங் டார்க்கை சில வருடங்களாக விட்டு விட்டு ஆடி வருகிறேன். நடுநடுவே ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட், கிரீன் ஹெல். இவற்றின் கதை, கிராபிக்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி மட்டும்.

தாகத்தைத் திரையில் காட்டும் மீட்டரை வேகமாக இறக்கினால் யதார்த்தம் வந்துவிடும் என்று பல கேம்கள் நம்புகின்றன. ஆற்றோரம் நின்று பட்டனை அழுத்தினால் மீட்டர் நிறையும். கொஞ்ச நேரத்தில் மறுபடி காலி. இது தாகம் இல்லை, நச்சரிப்பு. நிஜத்தில் தண்ணீரே இல்லாமல் மூன்று நாள் வரை ஒருவர் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே கவனமும் தெம்பும் சரியத் தொடங்கும். அந்தத் தடுமாற்றத்தைக் காட்டும் கேம்கள் குறைவு.

தி லாங் டார்க் வேறு வழியில் போகிறது. பனியை அள்ளித் தீயில் வைத்தால் முதலில் கிடைப்பது அசுத்த நீர். அதைக் கொதிக்க வைத்தால்தான் குடிக்கலாம். பழைய தகர டப்பாவில் அரை லிட்டர்தான் பிடிக்கும். மறந்துபோய் விட்டுவிட்டால் வற்றியே போகும். வெளியே பனிப்புயல், உள்ளே விறகு குறைகிறது, டப்பாவோ இன்னும் உருகும் கட்டத்திலேயே நிற்கிறது! எரிச்சலாக இருக்கும், ஆனால் கணக்கு சரி. ஒரு கிலோ பனியை உருக்கவே 334 கிலோஜூல் வேண்டும். அந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 420. அப்புறம் எடை. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நாலு லிட்டரைத் தூக்கிக்கொண்டால் கிடைத்த இறைச்சியில் பாதியை விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். தினமும் காலையில் நான் அதிகம் யோசிப்பது இதைத்தான்.

ப்ராஜெக்ட் ஸோம்பாய்டில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் நின்றுவிடும். எந்த நாள் என்று தெரியாது. அதனால் குழாய் ஓடும்போதே பயம் பிடித்து, கையில் கிடைக்கும் பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைப்பேன். கிரீன் ஹெல்லில் மழைநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து அப்படியே குடிக்கலாம். குட்டை நீரைக் காய்ச்சாமல் குடித்தால் ஒட்டுண்ணி.

பெரும்பாலான கேம்கள் கோட்டைவிடுவது நோயில். ஒரு வாய் குடித்த அடுத்த நிமிடமே வயிற்றுவலி! அசுத்த நீரில் பரவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் நோய் தலைகாட்டவே பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை. அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டார்கள், சரி. கேமில் ஒரு இரவாவது தள்ளிப்போட்டால், எந்தத் தண்ணீரால் வந்தது என்று ஆடுபவர் மண்டையைக் குழப்பிக்கொள்வார். காய்ச்சினால் எல்லாமே சுத்தம் என்பதும் அபத்தம். ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும், 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். ரசாயனமும் உப்பும் அப்படியேதான் இருக்கும்.

வெயிலில் கடுமையாக உழைத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கலாம். மரம் வெட்டுபவனுக்கும் நிழலில் படுத்திருப்பவனுக்கும் ஒரே வேகத்தில் மீட்டர் இறங்குகிற கேமை இப்போதெல்லாம் முதல் நாளே அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறேன்.