வெல்டிங் என்று பில் போட்டு, டேங்கில் பசையைப் பூசி அனுப்பினார்கள்

ட்ராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வைத்திருப்பவர்கள், அதுவும் பழைய வண்டி வாங்கியவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒழுகிய கழிவுநீர் டேங்கைச் சரிசெய்ய ஒரே ஆளிடம் இரண்டு முறை பணம் கட்டினேன். இரண்டு முறையும் ஒழுகியது. கொடுத்தபோது இருந்த விரிசல் திரும்பி வந்தபோது இன்னும் நீண்டிருந்தது.

ஒழுகியது சமையல் சிங்க், குளியல் தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் டேங்க். கழிவறைக்குத் தனி டேங்க் உண்டு, அதில் பிரச்சினை இல்லை. ஒரு நாள் காலையில் வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. குனிந்து பார்த்தால், அடிப்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு தொப்பை போட்டுத் தொங்கியது. உள்ளங்கையால் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் தளும்பியது. எத்தனை நாளாக ஒழுகி அங்கே தேங்கியதோ!

பழுது பார்ப்பவர் தகட்டைக் கழற்றிப் பார்த்து, தண்ணீர் வெளியேறும் குழாய் டேங்கில் சேரும் இடத்தில் விரிசல் என்றார். போட்டோவும் காட்டினார். சுமார் 5 செண்டிமீட்டர் இருக்கும். “பிளாஸ்டிக் வெல்டிங் அடிச்சுட்டா போதும் சார், டேங்க் ஆயுசுக்கும் தாங்கும்” என்றார். இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. பாதுகாப்புக்கு என்றார். ஒரு வாளித் தண்ணீரை சிங்கில் ஊற்றி, “பாருங்க, ஒரு சொட்டு இல்லை” என்றார். நானும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பில்லில் தெளிவாக ‘பிளாஸ்டிக் வெல்டிங்’ என்று எழுதியிருந்தது.

அந்த வாளிச் சோதனையை அப்போதே நான் ஏற்றிருக்கக் கூடாது. 150 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. வண்டி ஓடும்போது அத்தனையும் உள்ளே அலைமோதும், டேங்கின் அடிப்பாகம் வளைந்து வளைந்து நிமிரும். ஒரு வாளித் தண்ணீர் எதைச் சோதிக்கும்?

மூன்றாவது பயணத்தில் மறுபடி ஒழுகல். திரும்பப் போனால், மோசமான ரோட்டில் ஓட்டியிருப்பீர்கள், இது புது விரிசல் என்று சொல்லி இன்னொரு பில். அதுவும் ஒரு மாதம் தாங்கவில்லை.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நானே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தகட்டைக் கழற்றினேன். கறுப்புப் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதன் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். பாலாடை போல ஒரே துண்டாக உரிந்து கையில் வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று மின்னியது. டேங்கின் பிளாஸ்டிக் ஒரு துணுக்குகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. வெல்டிங் என்றால் பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்குவது, அது அங்கே நடக்கவே இல்லை. பசையைப் பூசி, நிறம் தெரியாமலிருக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் இருந்த விரிசல், முதல் போட்டோவில் பார்த்ததைவிட ஒரு விரல்நீளம் கூடியிருந்தது.

என் டேங்க் பாலித்தீன். நிறைய ட்ரெய்லர்களில் அதுதான் இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் நிற்காததைப் போல, பாலித்தீன் மேல் பசை பிடிக்காது. சிலிகான், சாதாரண எபாக்ஸி, குழாய்க்குப் போடும் பிவிசி பசை எல்லாம் காயும், கெட்டியாகும், பார்க்க உறுதியாகவும் இருக்கும். நாலு குலுக்கலில் உரிந்துவிடும். இன்னொரு வகை, ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த டேங்க், பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். அதற்கென்று இருக்கும் பசை அந்தப் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும் என்பதால், அதில் பசை வேலை நியாயமானதுதான். ஆகவே டேங்க் எந்த வகை என்று பார்க்காமல் ஒருவர் வேலையைத் தொடங்கினாலே சந்தேகப்படுங்கள்.

வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். டேங்கின் தடித்த ஓரத்திலிருந்து கத்தியால் நகத்துணுக்கு அளவு சீவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். பாலித்தீன் மேலே வந்து மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். சிலர் கொளுத்தி மோந்து பார்க்கச் சொல்வார்கள். கழிவு டேங்க் பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம், உள்ளே எரியக்கூடிய வாயு இருக்கலாம்.

அப்புறம் வேறொருவரைப் பிடித்தேன். அவர் முதலில் டேங்கைப் பல முறை அலசிக் காயவிட்டு, வால்வைத் திறந்துவைத்துக் காற்றாட விட்டார். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டார். இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்குமாம். விரிசலை வாய்க்கால் மாதிரி அகலப்படுத்தி, சுற்றிலும் பழைய மேல்தோலைச் சுரண்டி எடுத்தார். பாலித்தீன் ராடை, அதாவது உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் கம்பியை, ஓர் ஓரத்தில் உருக்கி ஒட்டி, ஆறிய பிறகு இழுத்துப் பார்த்தார். பிய்ந்து வந்தால் அந்த ராடு இந்த டேங்குக்குப் பொருந்தாது என்று அர்த்தம். அதன் பிறகுதான் சூடான காற்றால் டேங்கையும் ராடையும் சேர்த்தே உருக்கி வெல்டிங் செய்தார். முடிந்த இடம் டேங்கின் நிறத்திலேயே, சின்னச் சின்ன அலையாக, தழும்பு போல இருந்தது. நகம் எங்குமே நுழையவில்லை. பெயிண்டும் அடிக்கவில்லை.

விரிசல் ஏன் வந்தது என்பதையும் அவர்தான் பார்த்தார். வெளியேறும் குழாயைத் தாங்கிய பட்டை அறுந்துபோய், குழாயின் முழுப் பாரமும் டேங்கின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் ஆள் இரண்டு தடவை அடியில் படுத்து எழுந்தும் அதைத் தொடவில்லை. இவர் புதுப் பட்டை போட்டுக் குழாயை இறுக்கிவிட்டார். டேங்கை முழுதாக நிரப்பி, தண்ணீரில் சாயம் கலந்து, அடித்தகட்டை மூடாமல் ஒரு நாள் முழுக்க விட்டார். சிறிது தூரம் ஓட்டியும் பார்த்த பிறகே தகட்டை மூடினார்.

நீங்களும் இதையே கேளுங்கள்: டேங்க் நிறைந்திருக்க, தகடு திறந்திருக்க, நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். ஒட்டிய இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் நீங்களே போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. என் விரிசல் வளர்ந்ததை நிரூபிக்க என்னிடம் இருப்பது முதல் ஆள் காட்டியபோது அனுப்பச் சொல்லி வாங்கிய அந்த ஒரே போட்டோதான்.

முதல் ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘பசையும் ஒரு வகை வெல்டிங்தான்’ என்று பதில் வந்தது, அதன்பின் போனை எடுக்கவில்லை. உரிந்த துண்டையும் இரண்டு பில்களையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். புகார் மனு எழுதி முடித்தாயிற்று, நாளை கொடுக்கப் போகிறேன்.