யார்க்கில் இரண்டு இரவு: செலவு குறைந்த தங்குமிடங்களை அருகருகே வைத்து ஓர் அலசல்

பிரிட்டனில் வார இறுதிக்கு ஒரு நகரத்துக்குப் போய் இரண்டு இரவு தங்கி வர நினைப்பவர்கள், பெரும்பாலும் திரையில் தெரியும் அறை வாடகையை மட்டுமே ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தத் தொகையில் காலை உணவு சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். கார் நிறுத்தும் கட்டணம் நகர மையத்தில் அநேகமாகத் தனியாகவே இருக்கும். பயணம் தடைப்பட்டால் பணம் திரும்புமா என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கும். வாடகையை விட்டுவிட்டு, வந்து இறங்கியதிலிருந்து கிளம்பும்வரை ஆகும் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு என்று தோன்றியவற்றின் வரிசையே மாறிவிடுகிறது. அதுவும் இருவர் போனால் ஒரு வரிசை, பிள்ளைகளோடு நால்வர் போனால் வேறொரு வரிசை.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது தெளிவாக இருக்கும் என்பதால் யார்க் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பழைய நகரம் மதிலுக்குள் அடங்கியிருப்பதால் நடந்தே பார்த்துவிடலாம். மதிலின் மேல் நடப்பதற்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குள் போவதற்கும் கட்டணம் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் செலவின் பெரும்பகுதி தங்குமிடத்துக்கே போகிறது. அங்கே சரியாகத் தேர்ந்தெடுத்தால் மிச்சமாகும் தொகையும் பெரிது.

பிரீமியர் இன்னும் டிராவல்லாட்ஜும்

செலவு குறைந்த தங்குமிடம் என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை, ஒரே பெயரில் பல ஊர்களில் இயங்கும் இந்த இரண்டு சங்கிலி விடுதிகள்தான். டிராவல்லாட்ஜ் 1985-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஏ38 சாலையோரத்தில் தொடங்கியது. பிரீமியர் இன், 1742-இல் மதுவடிப்பு நிறுவனமாகத் தோன்றிய விட்பிரெட்டுக்குச் சொந்தமானது. 1987-இல் டிராவல் இன் என்ற பெயரில் ஆரம்பித்து, 2007-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இரண்டும் காரோட்டிகளை மனத்தில் வைத்து வளர்ந்தவை என்பதை இன்றும் மறந்துவிடக்கூடாது. ஏனென்றால் விடுதியின் பெயரில் ஊரின் பெயர் இருப்பதாலேயே அது ஊருக்குள் இருக்கிறது என்று பொருளாகாது. 'யார்க் டாட்காஸ்டர்' என்ற டிராவல்லாட்ஜ் ஏ64 நெடுஞ்சாலையோரத்தில், யார்க் மதிலிலிருந்து நடந்து வர முடியாத தொலைவில் இருக்கிறது. கார் வைத்திருப்பவருக்கு அதனால் தொல்லையில்லை. ரயிலில் வருபவருக்கோ வாடகையில் மிச்சமாகும் பணம் டாக்ஸிக்குப் போய்விடும். அதே நிறுவனத்துக்கு நகரத்துக்குள் பிக்கடிலி தெருவிலும் மிக்கில்கேட்டிலும் விடுதிகள் உண்டு. பிரீமியர் இன்னுக்கு ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய பிளாசம் தெருவில் இரண்டு விடுதிகள் இருக்கின்றன. முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான். அதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

அறைக்குள் போனால் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை அதிகம். நல்ல படுக்கை, கெட்டில், தேயிலைப் பைகள், சிறு பொட்டலங்களில் பால், கதவில்லாமல் திறந்திருக்கும் துணி மாட்டும் கம்பி, சிறிய மேசை, குளியலறை: சாதாரண அறையில் இவ்வளவுதான். இரண்டிலும் சாதாரண அறையில் குளிர்பெட்டி இல்லை என்பதைக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வேறுபாடு எங்கே தெரிகிறது என்றால், ஒரே சீரான தரத்தில். பிரீமியர் இன்னில் எந்த ஊரில் போய்ப் படுத்தாலும் அறை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். டிராவல்லாட்ஜில் புதுப்பிக்கப்பட்ட கட்டடத்துக்கும் பழைய கட்டடத்துக்கும் இடையே கணிசமான இடைவெளி உண்டு. ஆகவே அந்த நிறுவனத்தைப் பற்றிய பொதுவான கருத்துகளை ஒதுக்கிவிட்டு, நாம் போகப்போகும் அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றி அண்மைய மாதங்களில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படிக்க வேண்டும்.

காலை உணவு விஷயத்தில் இரண்டும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றன. ஒரு பெரியவர் பணம் கொடுத்துக் காலை உணவு சாப்பிட்டால் அவருடன் வரும் இரண்டு பிள்ளைகளுக்கு உணவு இலவசம். பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஆனால் டிராவல்லாட்ஜ் விடுதிகளில் பலவற்றில் உணவகமே இல்லை. உணவகம் இல்லாத இடத்தில் இந்தச் சலுகைக்குப் பயனில்லை. காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடை தேட வேண்டியதுதான். பிரீமியர் இன்னில் உணவகம் உள்ளேயோ பக்கத்திலோ இருப்பது வழக்கம்.

ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் இவற்றைவிடச் சற்று உயர்ந்த வாடகையோடு தெரியும். ஆனால் அந்த வாடகையில் சூடான காலை உணவும் அடக்கம். ஆகவே இருவரின் காலை உணவுக்கு ஆகும் ஏறக்குறைய 20 பவுண்டைக் கழித்துவிட்டுத்தான் அதை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். பலரும் அப்படிச் செய்வதில்லை. 2005-இல் லண்டனில் தொடங்கிய ஈஸிஹோட்டல் இதற்கு நேர் எதிரான வகை. அறையை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் தனித்தனியாக விற்பது அதன் வழி; மிகக் குறைந்த வாடகைக்குச் சில இடங்களில் ஜன்னலே இல்லாத அறை கிடைக்கும். தனியாக வந்து ஓர் இரவு மட்டும் படுத்து எழுந்து போகிறவருக்கு அது போதும். விடுமுறைக்கென்று வருகிற யாருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கெஸ்ட் ஹவுஸ்

யார்க்கின் உண்மையான மாற்று வழி இதுதான். மதிலுக்கு வெளியே பூத்தம், கிளிஃப்டன், பிஷப்தார்ப் சாலை ஆகிய பகுதிகளில் விக்டோரியா காலத்து அடுக்கு வீடுகள் பல, குடும்பங்கள் நடத்தும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. முன்கதவுக்கும் அறைக்கும் சேர்த்து ஒரு சாவிக்கொத்தைத் தருவார்கள். மறுநாள் காலை என்ன வேண்டும் என்று ஓர் அட்டையில் குறித்துவைக்கச் சொல்வார்கள்: முட்டை எப்படி வேண்டும், காளான் வேண்டுமா, சைவத் தொத்திறைச்சி வேண்டுமா, எத்தனை மணிக்கு என்பதுவரை. சொன்ன நேரத்துக்கு அது சுடச்சுடத் தட்டில் வரும். புலால் உண்ணாதவர் முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், பெரிய ஹோட்டலின் நீண்ட உணவு வரிசையில் கிடைப்பதைவிடக் கவனமான உணவு இங்கே கிடைக்கும். எந்த வாசல் வழியாக மதில்மேல் ஏறினால் பேராலயம் நன்றாகத் தெரியும், எந்த நேரத்தில் ஷாம்பிள்ஸ் சந்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதை வீட்டுக்காரரே சொல்வார்.

குறைகளும் உண்டு. இந்த வீடுகளில் லிஃப்ட் இருப்பது அரிது. விலை குறைந்த அறை பெரும்பாலும் மூன்றாம் மாடியில், கூரைச் சரிவின் கீழே இருக்கும். படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தள அறை உண்டா என்று கேட்காமல் முன்பதிவு செய்யவே கூடாது. மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பார்கள். சனிக்கிழமையை உள்ளடக்கினால் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்பார்கள். சில வீடுகளில் சிறு பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. இணையத்தில் இடைத்தரகு முன்பதிவுத் தளத்தில் பார்த்த பிறகு அந்த வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்துக் கேட்பது எப்போதும் பயன் தரும். தளத்துக்குக் கொடுக்க வேண்டிய தரகு அவர்களுக்கு மிச்சமாவதால் வாடகையைக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. குறைக்காவிட்டாலும் எந்த மாடி, எந்தப் பக்கத்து அறை என்பதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, தேதிக்கேற்ப மாறும். ஒரு தம்பதி காரில் வருகிறார்கள். டிராவல்லாட்ஜ் இரவுக்கு 55 பவுண்டு என்றால் இரண்டு இரவுக்கு 110, இரண்டு நாள் காலை உணவு 40, நகரத்தில் கார் நிறுத்த நாளுக்கு 15 வீதம் 30, மொத்தம் 180. காலை உணவும் கார் நிறுத்துமிடமும் சேர்த்து இரவுக்கு 85 பவுண்டு கேட்கும் கெஸ்ட் ஹவுஸில் மொத்தமே 170. திரையில் இரவுக்கு 30 பவுண்டு அதிகமாகத் தெரிந்தது, இரண்டு இரவுக்கும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 10 பவுண்டு குறைவாகிறது. இதே தம்பதி இரண்டு பிள்ளைகளோடு வந்தால் நிலைமை தலைகீழாகும். டிராவல்லாட்ஜில் குடும்ப அறையும் அதே வாடகைக்குக் கிடைத்து, அங்கே உணவகமும் இருந்தால், பிள்ளைகளின் உணவு இலவசம் என்பதால் செலவு 180-ஐத் தாண்டாது. பிரீமியர் இன்னில் இரவுக்கு 75 என்று வைத்தால், அதே காலை உணவும் கார் நிறுத்தக் கட்டணமும் சேர்ந்து 220 ஆகும். கெஸ்ட் ஹவுஸிலோ நால்வர் அறை அரிது, கிடைத்தாலும் இரவுக்கு 115 கேட்டால் 230 ஆகிவிடும். ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் சங்கிலி விடுதிக்கும் இருவராகப் போகிறவர்கள் கெஸ்ட் ஹவுஸுக்கும் போவதே சரி என்பது என் உறுதியான கருத்து. அந்த 40 பவுண்டு வேறுபாட்டுக்காகக் குடும்பங்கள் பிரீமியர் இன்னை விட வேண்டுமா என்றால், பிள்ளைகள் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் விட வேண்டாம் என்பேன். அறை எப்படி இருக்குமோ என்ற கவலை இல்லாமல் போய்ச் சேர்வதற்கு அந்தத் தொகை தகும்.

ஒய்.எச்.ஏ. விடுதிகளும் பல்கலைக்கழக அறைகளும்

1930-இல் தோன்றிய இளைஞர் விடுதிச் சங்கமான ஒய்.எச்.ஏ.-வை இளைஞர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். அங்கே குடும்பங்களுக்குத் தனி அறைகள் உண்டு. உறுப்பினராக இல்லாதவரும் தங்கலாம். யார்க் விடுதி கிளிஃப்டனில் ஊஸ் ஆற்றுக்கு அருகே இருக்கிறது; நகர மையத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்தால் இருபது நிமிடம் போல் ஆகும். குளிர்காலத்தில் ஊஸ் பெருகி அந்தப் பாதை மூழ்குவது வழக்கம் என்பதால் அப்போது சாலை வழியாகத்தான் வர வேண்டும். ஒய்.எச்.ஏ. விடுதிகளின் பெரும்பயன் பொதுச் சமையலறை. அரிசியும் பருப்பும் கொண்டுபோய் இரவுச் சாப்பாட்டை அங்கேயே சமைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, உணவகச் செலவு இரண்டு இரவும் மிச்சமாகிறது; நால்வர் உணவகத்தில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். விரிப்பும் போர்வையும் கொடுப்பார்கள். துண்டு கொடுக்க மாட்டார்கள், நாம் கொண்டுபோக வேண்டும். அடுக்குக் கட்டில்களும் சில அறைகளில் பொதுக் குளியலறையும் இருக்கும். பள்ளிக் குழுக்கள் தங்கியிருந்தால் தாழ்வாரத்தில் சத்தம் இருக்கும்.

மாணவர்கள் ஊருக்குப் போன காலத்தில், குறிப்பாகக் கோடையில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தங்கள் அறைகளை வாடகைக்கு விடுகின்றன. பெரும்பாலும் ஒருவர் அறைகள். சிலவற்றில் கல்லூரியின் பழைய உணவுக்கூடத்திலேயே காலை உணவும் கிடைக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டு ஊர்களிலும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தேதியும் ரத்து விதியும்

எந்த வகையைத் தேர்ந்தாலும் வாடகையைத் தீர்மானிப்பது தேதியே. யார்க்கில் ஆகஸ்டு மாத ஈபோர் குதிரைப் பந்தய வாரத்திலும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் வாடகை பலமடங்கு ஏறும். எடின்பரோவில் ஆகஸ்டு விழாக்காலம், லிவர்பூலில் ஏப்ரல் மாத கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம், கார்டிஃபில் ரக்பி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஆகியவையும் அப்படியே. ஞாயிறு இரவு பெரும்பாலும் மலிவு; திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வெள்ளிக்குப் பதில் சனி, ஞாயிறு இரவுகளை எடுத்தாலே வேறுபாடு தெரியும்.

இரண்டு பெரிய நிறுவனங்களிலும் மிகக் குறைந்த வாடகை என்பது ரத்து செய்தால் பணம் திரும்பாத வாடகை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் பருவத்தில், மாதங்களுக்கு முன்பே அதை வாங்குவது துணிச்சலான செயல். சில பவுண்டு கூடுதலாகக் கொடுத்து ரத்து செய்யக்கூடிய வாடகையை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படி எடுத்தவர்கள், பயணத்துக்குமுன் விலை இறங்கினால் புதிதாக முன்பதிவு செய்துவிட்டுப் பழையதை ரத்து செய்துகொள்ளவும் முடியும். நகரக் கட்டணங்களையும் இப்போது கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மான்செஸ்டர் மையத்தில் 2023 ஏப்ரல் முதல் அறைக்கு இரவுக்கு ஒரு பவுண்டு வசூலாகிறது. எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதலான தங்கல்களுக்கு வாடகையில் 5 சதவீதம் என்று விதித்திருக்கிறார்கள்.

யார்க்கில் எல்லாமே கைக்கு எட்டாத விலையில் இருக்கும் வார இறுதியில், லீட்ஸைப் பார்க்கலாம். வாரநாட்களில் அலுவல் பயணிகளால் நிரம்பும் நகரம் அது. பெரிய ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இல்லாத வார இறுதிகளில் அங்குள்ள சங்கிலி விடுதிகளின் வாடகை யார்க்கைவிடக் குறைவாக இருப்பதுண்டு. ரயிலில் யார்க்குக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். வண்டிகள் அடிக்கடி ஓடுகின்றன. இரண்டு நாளும் போய்வரும் ரயில் கட்டணத்தை வாடகையோடு கூட்டிப் பார்த்து, அப்போதும் குறைவாக இருந்தால் மட்டுமே இதற்குப் போக வேண்டும். நால்வர் என்றால் கட்டணச் சலுகை தரும் குடும்ப ரயில் அட்டை இல்லாமல் இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பணி நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள் என்பதால், முன்பதிவுக்கு முன் அந்த வார இறுதியின் ரயில் நேர அட்டவணையையும் இரவின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.