சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொன்னதற்குக் காவல்துறையை அழைத்த உணவகம்: ஓர் எச்சரிக்கை

தென்சென்னையில் வணிக வளாகம் ஒன்றின் மேல்தளத்தில் இயங்கும் ஓர் உணவகத்தில், பில்லில் சேர்க்கப்பட்டிருந்த சர்வீஸ் சார்ஜை நீக்கும்படி கேட்ட ஒரே காரணத்துக்காக, என் குடும்பத்தார் அனைவரையும் வெளியேறச் சொன்னதோடு, காவல்துறையையும் வரவழைத்தார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் பணத்தைப் பற்றிய ஒரு கேள்வியை எங்கள் நடத்தையைப் பற்றிய புகாராக அவர்கள் மாற்றிய விதம் வேறு பலருக்கும் நேரக்கூடியது என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

உணவின் விலை 4,000 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜாக 400 ரூபாய் சேர்த்து, அந்த 4,400 ரூபாய்க்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, 4,620 ரூபாய் என்று பில் வந்தது. நான் கொடுக்க வேண்டியது 4,200 ரூபாய்தான். மேலாளரை அழைத்து, சாதாரணக் குரலில், அந்த 400 ரூபாயையும் அதன் மீதான வரியையும் எடுத்துவிட்டு வேறு பில் தரும்படி கேட்டேன். மெனு அட்டையின் கடைசி வரியில் அது அச்சிடப்பட்டிருப்பதாகவும், அதைப் பார்த்த பிறகே நாங்கள் உணவு கேட்டதாகவும் அவர் சொன்னார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று சர்வீஸ் சார்ஜ் பற்றி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை நான் எடுத்துச் சொன்னதும் அவருடைய பேச்சு மாறியது. "அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு" என்று வாசலில் இருந்த பலகையைக் காட்டி, "மத்த கஸ்டமருக்குத் தொந்தரவா இருக்கு, பணத்தக் கட்டிட்டு உடனே கிளம்புங்க சார்" என்றார். பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்த ஐஸ்கிரீம் வரவில்லை. ஊழியர்கள் இருவர் லிஃப்ட் வாசலில் போய் நின்றுகொண்டார்கள். வெளியே போகும்படி சொன்னவர்களே, பணம் வரும்வரை போகவும் விடவில்லை.

ரோந்து வாகனத்தில் வந்த சிறப்பு உதவி ஆய்வாளர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் முதலில் மேலாளரை மட்டும் தனியே அழைத்துப் பேசினார். பில்லை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம், "அவங்க இடம் சார், போகச் சொன்னா போகணும். கட்டிட்டுப் போங்க, இல்லன்னா எல்லாரும் ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார். எழுபது வயதைக் கடந்த என் அம்மாவிடம் திரும்பி, "நீங்களாவது சொல்லிக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். தவறு செய்தவர்களைப் போல எல்லார் முன்னிலையிலும் நிற்க வைக்கப்பட்ட அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு, முழுத் தொகையையும் யுபிஐ மூலம் செலுத்தினேன். பில்லின் பின்புறத்தில் "சர்வீஸ் சார்ஜ் எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி, நேரத்தைக் குறித்து, படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த அதிகாரி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. தனியார் இடத்துக்குள் முறைப்படி நுழைந்தவர்கூட, வெளியேறச் சொன்ன பிறகு, அங்கிருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு சட்டவிரோதமாகத் தங்கினால், குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி அது குற்றமுறு அத்துமீறல். மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நோக்கம் அந்தக் குற்றத்தின் இன்றியமையாத கூறு என்பதால், பில்லைத் திருத்தித் தரும்படி அமைதியாகக் காத்திருப்பதை அதற்குள் அடக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. மாறாக, போகும் உரிமையுள்ள ஒருவரை வழிமறித்துப் போகவிடாமல் தடுப்பது அதே சட்டத்தின் 126ஆம் பிரிவில் தனிக் குற்றம். லிஃப்ட் வாசலில் நின்றவர்களைப் பற்றி அன்று யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பலகையில் எழுதப்பட்டிருக்கும் உரிமையும் எல்லையற்றது அல்ல. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாகக் கடைகளிலும் உணவகங்களிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு சொல்கிறது. 2023 மார்ச் இறுதியில் சென்னைக் கோயம்பேட்டில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்க ஊழியர்கள் தடுத்து நிறுத்திய காணொளியைப் பார்த்தவர்களுக்கு, இந்த வரி இன்னும் எவ்வளவு தேவைப்படுகிறது என்பது தெரியும். 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்தபோது, உடையைக் காரணம் காட்டித் தடுப்பதற்கு எதிராக அதே ஆண்டில் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்றியது.

எங்கள் விஷயத்தில் பொருந்துவது இன்னும் நேரடியானது. நான் சொன்ன 2022ஆம் ஆண்டு நெறிகள், சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, உணவு விலையோடு கூட்டி அதற்கு ஜிஎஸ்டி போடக் கூடாது என்று சொல்வதோடு நில்லாமல், அதைக் காரணமாக வைத்து நுழைவையோ சேவையையோ கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்து, அந்த நெறிகளை உறுதி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. எனவே "பணத்தக் கட்டிட்டு உடனே கிளம்புங்க" என்ற அந்த மேலாளரின் வாக்கியமே நெறிகளுக்கு எதிரானது. நான் நெறிகளைச் சொன்ன பிறகு "தொந்தரவு" என்ற சொல் சேர்க்கப்பட்டதன் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இதே நிலையில் நிற்க நேர்பவர்கள், பணத்தையும் அங்கே தங்குவதையும் ஒன்றாகக் கலக்க இடம் கொடுக்க வேண்டாம். போகச் சொன்னால், யார் சொன்னார், என்ன காரணம் சொன்னார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் எழுந்துவிடுங்கள். மறுக்கும் தொகையை எதிர்ப்புடன் கட்டினாலும் அதைத் திரும்பப் பெறும் உரிமை போய்விடாது. காவலர் வந்தால் பில்லை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிலையத்துக்கு வரும்படி சொன்னால் எந்தப் புகாரின் பேரில் என்று கேளுங்கள். சாட்சியாக விசாரிப்பதற்காகப் பெண்களையும் அறுபது வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு இடம் தருவதில்லை. நீங்களே புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். எங்கள் நடத்தை சரியில்லாததால்தான் வெளியேறச் சொன்னதாக உணவகம் பதில் அனுப்பியது. சர்வீஸ் சார்ஜைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. உணவகத்தின் பதிலுக்கு எதிராக நான் நம்பியிருப்பது அவர்களுடைய கண்காணிப்புக் கேமரா பதிவைத்தான். இத்தகைய பதிவுகள் குறுகிய காலத்தில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், வீட்டுக்கு வந்த இரவே, எங்கள் மேசையையும் லிஃப்ட் வாசலையும் காட்டும் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி அந்த உணவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.