எந்த அக்ரிலிக் வண்ணத்துக்குக் கூடுதல் பணம் தரலாம்? ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

2016-இல் என் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு தாமரைக் குளத்தை அக்ரிலிக்கில் வரைந்து கொடுத்தேன். பன்னிரண்டு வண்ணங்கள் அடங்கிய, விலை குறைந்த பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்த ரோஜா நிறத்தைப் பூக்களுக்குத் தாராளமாகப் பூசியிருந்தேன். மாடிப்படிக்கு எதிரே, பிற்பகல் வெயில் நேராக விழும் சுவரில் அந்தப் படத்தை மாட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இலைகளின் பச்சையும் தண்ணீரின் நீலமும் வரைந்த அன்று இருந்தபடியே இருந்தன. பூக்கள் மட்டும் அழுக்கு வெள்ளையாக மாறியிருந்தன. "இனிமே இதை அல்லிக்குளம்னு சொல்லிக்கலாம், விடுண்ணா" என்று தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பெட்டி, ஒரே நிறுவனம், ஒரே விலை. அப்படியிருக்க நீலம் ஏன் நின்றது, ரோஜா ஏன் போனது என்ற கேள்வியிலிருந்துதான் வண்ணம் வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தும் தொடங்கியது.

அக்ரிலிக் வண்ணத்தில் அடிப்படையாக மூன்றே பொருள்கள்தான் உள்ளன: நிறம் தரும் நிறமித் தூள், அதைப் பிடித்துவைக்கும் அக்ரிலிக் பிசின், அந்தப் பிசின் நுண்துளிகளாக மிதந்துகொண்டிருக்கும் தண்ணீர். தண்ணீர் ஆவியானதும் பிசின் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய படலமாகிவிடும்; அதன்பின் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது கரையாது. இந்தப் பிசினைப் பொறுத்தவரை மலிவான வண்ணத்துக்கும் விலையுயர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு, நிறமியில் உள்ள வேறுபாட்டைவிடக் குறைவு என்றே என் அனுபவத்தில் தோன்றுகிறது. எந்த நிறமி, எவ்வளவு நிறமி, அதனோடு எவ்வளவு சுண்ணத்தூள் போன்ற நிரப்புப்பொருள் என்ற மூன்றும்தான் ஒரு ட்யூபின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

அந்த நிறமியின் பெயரைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்குத் தாமதமாகவே தெரியவந்தது. நல்ல ட்யூபின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றிருந்தால் அது அல்ட்ராமரின் நீலம், பி.பி. 15:3 என்றால் தாலோ நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. முகப்பில் அச்சிட்டிருக்கும் 'லெமன் எல்லோ', 'கிரிம்சன்' போன்ற பெயர்கள் நிறுவனங்கள் தம் விருப்பப்படி வைப்பவை. குறியீடு உலகம் முழுவதும் ஒன்றே. பெயரோடு 'ஹ்யூ' என்ற சொல் சேர்ந்திருந்தால், அந்த விலையுயர்ந்த நிறமி உள்ளே இல்லை, அதைப்போன்ற நிறத்தை வேறொன்றால் செய்திருக்கிறார்கள் என்று பொருள். இது ஏமாற்று அல்ல. காட்மியம் சிவப்புக்குப் பதிலாக நாப்தால் சிவப்பை இட்டு விலையைக் குறைப்பது நேர்மையான வேலைதான், அதைக் குறியீட்டில் சொல்லிவிட்டால். குறியீடே இல்லாத ட்யூபைத்தான் நான் இப்போது கையில் எடுத்தவுடன் திருப்பி வைத்துவிடுகிறேன். என் தாமரைப் பெட்டியில் எந்தக் குறியீடும் இருக்கவில்லை.

2019 தை மாதத்தில், அதுவரை சேர்ந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ட்யூப்களிலிருந்து ஒவ்வொரு பட்டையாகத் தடித்த தாளில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். ஆனி முடிந்தபின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒளிரும் (ஃப்ளூரசன்ட்) வண்ணங்களில் நிறம் இருந்ததற்கான அடையாளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவற்றைச் சுவரில் மாட்டும் படத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஓவியர்களிடையே பழைய செய்திதான். குறியீடு இல்லாத ரோஜா நிறமும் ஊதா நிறமும் பாதிக்கு மேல் வெளிறியிருந்தன. மலிவான மஞ்சள் ஒன்று சற்றே மங்கியிருந்தது. ஆனால் மண் நிறங்கள் அனைத்தும், அல்ட்ராமரினும், தாலோ நீலமும், தாலோ பச்சையும், எந்த விலைப் பெட்டியிலிருந்து வந்தவையானாலும், மூடிய பகுதிக்கும் திறந்த பகுதிக்கும் வேறுபாடு காட்டவில்லை.

காரணத்தைத் தேடியபோது கிடைத்த விளக்கம் எளிமையானது. சில நிறமிகள் இயல்பிலேயே விலை குறைந்தவை, அதே சமயம் வெயிலுக்கு அசையாதவை. காவியும் செம்மண்ணும் இரும்பு ஆக்சைடுதான். கோலத்தின் ஓரத்தில் இழுக்கும் காவியும், பழைய வீடுகளின் சிவப்புத் தரையும் எத்தனை ஆண்டுகள் நின்றிருக்கின்றன என்பதை நாம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அல்ட்ராமரின் ஒரு காலத்தில் வைடூரியக் கல்லைப்போல் மதிக்கப்பட்ட லாபிஸ் லசுலியை அரைத்து எடுத்த நிறம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டபின், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடியாகவே அது வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1930-களில் விற்பனைக்கு வந்த தாலோ நீலத்தை இன்று உலகில் பெருமளவில் தயாரிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெள்ளையின் கதை இன்னும் அருகில் இருக்கிறது: டைட்டானியம் வெள்ளைக்கு மூலமான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. இத்தகைய நிறமிகளை மலிவான நிறுவனம் வாங்கினாலும் அதே பொருளைத்தான் வாங்குகிறது. அளவில் வேண்டுமானால் கஞ்சத்தனம் காட்டலாம்.

மாறாக, நீடித்து நிற்கும் சிவந்த ரோஜாவும் ஊதாவும் எப்போதும் செலவு பிடிப்பவை. குவினாக்ரிடோன் என்ற நிறமிக் குடும்பம் 1958-இல் சந்தைக்கு வரும்வரை நிலையான ரோஜா நிறம் ஓவியர்களுக்குப் பெரும் தலைவலியாகவே இருந்தது. இன்றும் அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, வெயிலில் வெளிறக்கூடியது. பி.ஆர். 122 அல்லது பி.வி. 19 என்று எழுதியிருந்தால் அது குவினாக்ரிடோன். என் ஜன்னல் சோதனையில் இரண்டுமே அசையவில்லை.

ஆகவே ஒரே நிறுவனத்தின் முழுப் பெட்டியை வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். கூடுதல் பணம் எந்த நிறத்துக்குத் தேவையோ அந்த நிறத்துக்கு மட்டும் தருகிறேன். காவி மஞ்சள், எரிந்த அம்பர் என்ற பழுப்பு, இந்தியச் சிவப்பு, கறுப்பு ஆகியவற்றைக் காம்லின் நிறுவனத்தின் கேமல் ஆர்ட்டிஸ்ட் வரிசையில் வாங்குகிறேன். 1931-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வண்ணம் சிறிய ஊர்ப் புத்தகக்கடையிலும் கிடைக்கும் என்பது வெளியூரில் வரையும்போது பெரிய உதவி. அதே நிறுவனத்தின் மாணவர் வரிசைக்கும் ஓவியர் வரிசைக்கும் வேறுபாடு உண்டு. அவசரத்தில் மாற்றி எடுத்துவிடக் கூடாது. மஞ்சளையும் நீலங்களையும் ஆம்ஸ்டர்டாம் ஸ்டாண்டர்ட் வரிசையில் 120 மி.லி. ட்யூபாக வாங்குகிறேன். நெதர்லாந்தின் ராயல் டாலன்ஸ் தயாரிப்பான இதில் நிறமிக் குறியீடும், ஒளியைத் தாங்கும் திறனைக் காட்டும் கூட்டல் குறிகளும் ட்யூபிலேயே உள்ளன. மூன்று கூட்டல் குறி இருந்தால் அருங்காட்சியகச் சூழலில் குறைந்தது நூறு ஆண்டுகள் என்பது அவர்கள் தரும் கணக்கு. எங்கள் வீட்டு மாடிப்படி அருங்காட்சியகம் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு கூட்டல் குறிக்குக் கீழே நான் இறங்குவதில்லை. வின்சர் அண்டு நியூட்டனின் கலேரியா வரிசையும் இதே தகுதியுடையது. அதில் எல்லா நிறங்களும் ஒரே விலைப் பிரிவில் இருப்பதால், வேறிடத்தில் விலை அதிகமான நிறத்தை அங்கே தேடிப்பார்ப்பது லாபகரமானது. குவினாக்ரிடோன் மெஜந்தா ஒன்றை மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, அமெரிக்காவின் கோல்டன் நிறுவனத்தின் 59 மி.லி. ட்யூபாக வாங்குகிறேன். விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அதில் ஒரு பட்டாணி அளவு ஒரு பூவுக்குப் போதும்.

அந்தப் பட்டாணிக் கணக்கு முக்கியமானது. ட்யூபின் விலையை மில்லிலிட்டரால் வகுத்துப் பார்ப்பது பாதிக் கணக்குதான். ஒரு கரண்டி நிறத்தைப் பத்துக் கரண்டி வெள்ளையோடு கலந்து பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள். நிறமி குறைந்த நீலம் பால் கலந்த தண்ணீரைப்போல் நிற்கும், நல்ல நீலம் அப்போதும் நீலமாகவே இருக்கும். நான் சோதித்த ஒரு மலிவான நீலம், அதே ஆழத்தைத் தருவதற்கு மூன்று மடங்கு தேவைப்பட்டது. நூறு ரூபாய் ட்யூபில் மூன்று தீர்ந்துபோகும் இடத்தில் இருநூறு ரூபாய் ட்யூப் ஒன்று போதுமென்றால் எது மலிவு? மறைப்புத் திறனைப் பார்ப்பதற்கு இன்னும் எளிய வழி, தாளில் மார்க்கர் பேனாவால் ஒரு தடித்த கறுப்புக் கோடு இழுத்து அதன்மேல் பூசிப் பார்ப்பதுதான். ஆனால் கோடு தெரிந்தாலே தரம் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. குவினாக்ரிடோனும் தாலோவும் இயல்பிலேயே ஒளி ஊடுருவும் நிறங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்வது வெள்ளை. அதை 500 மி.லி. ஜாடியாக வாங்குவதே சிக்கனம். வெள்ளைக்குப் பதிலாகச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைக் கலந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சிப் பலகைக்கு அடிப்பூச்சாக அது போதும். நிறத்தோடு கலக்கும்போது எல்லாம் சுண்ணாம்பு படிந்ததுபோல் உயிரற்றுப் போகிறது. ஜாடியில் ஈரத் தூரிகையை நேராக விடுவதையும் நிறுத்திவிட்டேன். அப்படி விட்டதால் ஒரு மழைக்காலத்தில் பாதி ஜாடி பூஞ்சை பிடித்து நாறியது; இப்போது ஐஸ்கிரீம் குச்சியால்தான் எடுக்கிறேன், எடுத்ததும் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுகிறேன்.

ட்யூபில் பார்த்த நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றாக இராது என்பதையும் சொல்ல வேண்டும். ஈரமாக இருக்கும்போது பிசின் பால்போல் வெண்மையாக இருப்பதால் நிறம் வெளுப்பாகத் தெரியும். காய்ந்து தெளிந்ததும் ஒரு படி கறுக்கும். முகங்களை வரைபவர்களுக்கு இது பெரும் சோதனை. ஒவ்வொரு ட்யூபையும் வாங்கிய அன்றே ஒரு அட்டையில் பூசிக் காயவைத்து, குறியீட்டை எழுதி, நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கலக்கும்போது ட்யூபைப் பார்ப்பதில்லை, அந்த அட்டையைத்தான் பார்க்கிறேன்.

இவை எல்லா ஊருக்கும் பொருந்தும். சென்னை வெயிலுக்கென்று தனியாகச் சில உண்டு. என் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. மின்விசிறி சுழலும்போது பேலட்டில் பிதுக்கிய வண்ணம் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், அளவு கூடினால் படலம் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கிறது. அதைவிட, தட்டையான பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் வண்ணம் பிதுக்குவது நல்லது. மூடிவைத்தால் மறுநாளும் கலக்கலாம். இந்த ஒரு டப்பா மிச்சப்படுத்திய வண்ணத்தின் விலைக்கு நான் இன்னொரு மெஜந்தா வாங்கியிருப்பேன்.

இன்னொரு பாடம் கசப்பானது. அக்ரிலிக் படலம் காய்ந்தபின்னும் முழுமையாகக் கெட்டியாவதில்லை. வெப்பம் ஏற ஏற மென்மையாகும். ஒரு கத்திரி வெயில் காலத்தில் ஆறு கேன்வாஸ்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பிரித்தபோது இரண்டு படங்கள் ஒன்றையொன்று உரித்துக்கொண்டு வந்தன. எவ்வளவு உயர்ந்த வண்ணமானாலும் இது நடக்கும். இப்போது சுவரோரமாக நிறுத்திவைக்கிறேன், இடைவெளி விட முடியாதபோது கேக் வேகவைக்கும் சிலிகான் பூசிய தாளை நடுவில் வைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், டைட்டானியம் வெள்ளை, ஒற்றை நிறமியால் ஆன ஒரு மஞ்சள், ஒரு நாப்தால் சிவப்பு, ஒரு குவினாக்ரிடோன், அல்ட்ராமரின், தாலோ நீலம், எரிந்த அம்பர் என்று ஏழு ட்யூப் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். ஒற்றை நிறமி என்று வலியுறுத்தக் காரணம், ஏற்கெனவே மூன்று நிறமிகள் கலந்த ட்யூபை இன்னொன்றோடு கலந்தால் சேறுதான் கிடைக்கும். பச்சைக்குத் தனி ட்யூப் வேண்டாமா என்று கேட்பார்கள். தாலோ நீலமும் மஞ்சளும் எரிந்த அம்பரும் இருந்தால் வாழை இலையிலிருந்து புளியங்கொழுந்து வரை எல்லாப் பச்சையும் பேலட்டிலேயே பிறக்கும். துணியில் பூ வரைய விரும்புபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஃபெவிக்ரில் சிறு புட்டிகள் அதற்கென்றே இருக்கின்றன, கேன்வாஸுக்கு அவற்றை நான் பயன்படுத்துவதில்லை.

தங்கையின் தாமரைகளைச் சென்ற ஆண்டு அவள் வீட்டிலேயே உட்கார்ந்து மீண்டும் வரைந்தேன். படத்தைக் கழற்றி, ஈரத் துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டு, வெளிறிய இதழ்களின்மேல் பி.ஆர். 122-ஐ மெல்லிய இரண்டு பூச்சாக ஏற்றினேன். பழைய இலைகளையும் தண்ணீரையும் தொடவே தேவைப்படவில்லை. படம் இப்போது மாடிப்படியில் இல்லை, பூஜை அறைக்கு எதிரே வெயில் எட்டாத சுவருக்கு மாறியிருக்கிறது.