'வீல்சேர் வசதி உள்ள வீடு' என்று சொல்லி டோக்கன் வாங்குகிறார்கள், கவனம்

பெங்களூரில் வீல்சேரோடு வாடகை வீடு தேடுகிறவர்களும், அவர்களுக்காகத் தேடுகிற குடும்பத்தாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்கு 20,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் போனது.

இத்தனை வருடமாக ராமமூர்த்தி நகரில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவும் மாமாவும் தங்கமானவர்கள், ஆனால் வாசலில் மூன்று படி. காலையில் மாமா தூக்கி இறக்கினால்தான் எனக்கு ஆபீஸ், அவருக்கு ஷிப்ட் மாறினால் என் நேரமும் மாறும். 2023 அக்டோபரில் மெட்ரோ பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை முழுசாக ஓட ஆரம்பித்ததும்தான் தனி வீட்டு ஆசையே வந்தது. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே எனக்கேற்ற வீடு கிடைத்தால் எம்.ஜி. ரோடு வரை யாரையும் எதிர்பார்க்காமல் போய் வரலாமே.

கே.ஆர்.புரம் பக்கம் ஒரு வீடு விளம்பரத்தில் வந்தது. ரேம்ப், லிஃப்ட், 'வீல்சேர் வசதி உண்டு'. புரோக்கர் நம்ம தமிழ்ப் பையன், வீடியோவும் அனுப்பினான். நேரில் பார்க்காமல் ஏன் பணம் போட்டாய் என்று கேட்பீர்கள். வண்டி பிடித்து, கூட ஒருவரை லீவு போடச் சொல்லி, அவ்வளவு தூரம் போய் வாசலோடு திரும்பி வருவது எத்தனை தடவை? அந்த அலுப்பில் இருந்தேன். "இன்னொரு பார்ட்டி கேக்குறாங்கக்கா, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்றான், போட்டுவிட்டேன்.

சாவி வாங்கப் போன அன்று மாமா டேப் வைத்து அளந்தார். ரேம்ப் உயரம் 2 அடி, நீளம் 8 அடி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறி, அப்படியென்றால் இங்கே 24 அடி இருந்திருக்க வேண்டும். இது பைக் ஏற்றப் போட்ட சரிவு, மேலே வழவழவென்று டைல்ஸ் வேறு. வீடியோவை மேலே நின்று கீழ்நோக்கி எடுத்திருக்கிறான், அப்படி எடுத்தால் சரிவு தெரியவே தெரியாது. பாதி ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன, மாமா பின்னால் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

அதையாவது மாற்றிக் கட்டலாம். பாத்ரூம் நிலை 26 அங்குலம், கதவைத் திறந்து வைத்தால் மிஞ்சுகிற இடம் 24. என் வீல்சேர் 25. அந்த ஒரு அங்குலத்துக்காக நான் குளிக்கப் போகக்கூட இன்னொரு ஆள் வேண்டும் என்றால் தனி வீடு எதற்கு?

"வாட்ச்மேன் இருக்கான்ம்மா, தூக்கி விடுவான்" என்றார் வீட்டு ஓனர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ராத்திரி பால் வாங்கத் தோன்றினால், அவன் சாப்பிட்டு வரும்வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? மாமாவுக்காவது என்னை எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரியும்.

டோக்கனைக் கேட்டதற்கு, "வேணாம்னு சொன்னது நீங்கதானேக்கா" என்றான் புரோக்கர், அப்புறம் போனே எடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கே சொல்லியிருக்கிறது. பழைய வாடகை வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

டோக்கன் போடுவதற்கு முன் ரேம்பைப் பக்கவாட்டில் நின்று, டேப்பை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து நடுவில் எவ்வளவு இடம் என்று அளக்கச் சொல்லுங்கள், நிலைப்படி உயரத்தையும் லிஃப்ட் கதவையும் விடாதீர்கள். வீல்சேர் உள்ளே போகாவிட்டால் டோக்கன் முழுசும் திரும்ப வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் போனில் பேசியதோடு விட்டுவிட்டேன், கையில் ஒரு ஆதாரமும் இல்லை.

அந்த விளம்பரம் இன்றும் அதே ரேம்ப் படத்தோடு இருக்கிறது. அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், எந்தத் தெரு என்று சொல்கிறேன்.