தள்ளுபடியா, அபராதமா, அட்வான்ஸா? பாக்கியை நேரத்துக்கு வரவைக்கும் வழிகள்

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. வருஷக் கணக்கை முடித்து நீட்டும்போது பலரும் கேட்பது, “லாபம் வந்திருக்கு என்கிறீர்கள், பேங்கில் ஒன்றும் காணோமே?” என்றுதான். பாக்கிப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். லாபம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பார்கள்: “சீக்கிரம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்துவிடலாமா? இல்லை, தாமதமானால் வட்டி என்று பில்லிலேயே போட்டுவிடலாமா?”

இரண்டுமே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கையில் இருக்கும் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது, பணம் கேட்கிற அந்த நேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை. வேலை தொடங்கும் முன் விற்பவர் கை ஓங்கியிருக்கும். சரக்கு கைமாறிவிட்டால் வாங்கியவர் கை.

தள்ளுபடியும் அபராதமும்

10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத் தொகை. உலகம் முழுக்கப் புழங்குகிற பழைய வழக்கம் இது. கேட்கும்போது சின்னத் தொகையாகத்தான் இருக்கும். கணக்குப் போடுங்கள். 100 வரவேண்டிய இடத்தில் 98 வாங்கிக்கொள்கிறீர்கள், அதுவும் 20 நாள் முன்னதாக வருகிறது என்பதற்காக. 98க்கு 20 நாளுக்கு 2 வட்டி. வருஷத்துக்குக் கணக்கிட்டால் 37 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். அந்த வட்டிக்கு யாராவது கடன் கொடுக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவீர்கள்.

லாப விகிதம் 10 சதவீதமாக உள்ள தொழிலில் விற்பனைத் தொகையில் 2 சதவீதம் என்பது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்னும் எரிச்சல். எப்படியும் இரண்டு வாரத்தில் கட்டிவிடும் நல்ல வாடிக்கையாளர் இரண்டு நாள் முன்னதாகக் கட்டி வாங்கிக்கொள்வார். மூன்று மாதம் இழுப்பவர் இழுத்துக்கொண்டேதான் இருப்பார். நடுவில் ஒரு ரகம் உண்டு: 30ஆம் நாள் கட்டும்போதும் 2 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு அனுப்புவார்கள். அந்த 2 சதவீதத்துக்காகச் சண்டை போடவா முடியும்?

அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் இல்லை, பேங்கிலும் கிடைக்கவில்லை என்ற நெருக்கடியில், குறிப்பிட்ட ஒரு பெரிய பில்லுக்கு மட்டும் பேசித் தள்ளுபடி கொடுக்கலாம். எல்லா பில்லிலும் அச்சடித்து வைக்கிற சங்கதி இல்லை அது.

அபராதத்துக்கு வருவோம். மாதம் 1.5 சதவீதம் என்று போடுவது சாதாரணம். வருஷத்துக்கு 18. வேடிக்கையைப் பாருங்கள், தள்ளுபடி கொடுக்கும்போது 37 சதவீதம் கொடுக்கிறோம், அபராதம் கேட்கும்போது 18 கேட்கிறோம். வாடிக்கையாளரின் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் பேங்கில் எடுக்கும் கடன்) வட்டி அதைவிட அதிகம் என்றால், அவருக்கு உங்கள் அபராதம் மலிவான கடன். எந்தப் படிவமும் நிரப்பாமல் கிடைக்கிற கடன்!

இதில் மனசு சம்பந்தப்பட்ட இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்றை உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000இல் வெளியிட்டார்கள். மாலையில் குழந்தையை அழைத்துப் போக தாமதமாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆசிரியைக்குச் சங்கடம் தருகிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்துத்தானே நேரம் வாங்குகிறோம் என்றாகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். கூச்சம் திரும்பி வரவில்லை.

அப்படியானால் வட்டி விதியே வேண்டாமா என்றால், ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உத்தரவும் பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், நிறுவனங்களுக்கிடையிலான தாமதத்துக்கு மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதப் புள்ளிகள் வட்டி கேட்கும் உரிமையைக் கொடுக்கின்றன. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை: சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இவ்வளவு இருந்தும் கேட்பவர்கள் குறைவு. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். அதனால் வட்டி விதியைச் சமரசப் பேச்சில் விட்டுக்கொடுக்கிற பொருளாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்: “வட்டியை விட்டுவிடுகிறேன், அசலை வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுங்கள்.”

பில்லை விற்றுவிடுவது

பாக்கி பில்லை நிதி நிறுவனத்திடம் கொடுத்து 80, 90 சதவீதத்தை உடனே வாங்கிக்கொள்ளும் முறை இது. ஃபேக்டரிங் என்பார்கள். நிதி நிறுவனம் சொல்லும் கட்டணத்தை அப்படியே நம்பக்கூடாது. பில் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். 80,000 கையில் வருகிறது, ஒரு மாதத்துக்குக் கட்டணம் பில்லில் 3 சதவீதம். அந்த 3,000 உண்மையில் 80,000க்கான செலவு. அதாவது மாதம் 3.75, வருஷத்துக்கு 45 சதவீதம். தள்ளுபடியைவிட மோசம்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் தேடிப் படியுங்கள்: வாடிக்கையாளர் கட்டாமல் போனால் நஷ்டம் யாருக்கு? பல ஒப்பந்தங்களில் அது திரும்ப உங்கள் தலையில்தான் வந்து விழும். வசூலுக்கு வேறு ஆள் போன் செய்வதை உங்கள் வாடிக்கையாளர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் இருக்கிறது. ஆர்டர் வேகமாகப் பெருகி, மூலப்பொருள் வாங்கப் பணம் போதாமல் தவிக்கும் தொழிலுக்கு இது சரி. தாமதத்துக்கு இது மருந்து ஆகாது.

அட்வான்ஸும் தவணையும்

என் ஓட்டு இதற்குத்தான். ஒரு வேலைக்கு 1,00,000 பில், பொருளும் கூலியும் சேர்த்து அடக்கம் 60,000. தொடங்கும் முன் 40, பாதியில் 40, ஒப்படைத்த பின் 20 சதவீதம் என்று பிரித்தால், கடைசி 20 மூன்று மாதம் இழுத்தாலும் உங்கள் கைக்காசு மாட்டிக்கொள்வதில்லை. இழுபடுவது லாபத்தில் ஒரு பகுதி மட்டும். வட்டிச் செலவு கிடையாது. போன் செய்து கெஞ்ச வேண்டியதும் குறைவு.

பிரிக்கும்போது பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். அட்வான்ஸ் 10, முடிவில் 90 என்று வைத்துவிட்டு, நாங்களும் அட்வான்ஸ் வாங்குகிறோம் என்பார்கள். அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடைசித் தவணை எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்புறம், இரண்டாவது தவணையைத் தேதியோடு இணைக்காமல் வேலையோடு இணைத்துவிடுங்கள்: மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்ததும், சரக்கு ஏற்றும் முன் என்று.

பெரிய நிறுவனங்கள் அட்வான்ஸ் கொடுக்காது என்பது உண்மை. தொடர்ந்து சரக்கு வாங்குபவர்களாக இருந்தால் அங்கேயும் ஒரு பிடி இருக்கிறது: கடன் வரம்பு. இத்தனை தொகைக்கு மேல் பாக்கி நின்றால் அடுத்த லோடு கிளம்பாது என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சரக்கு தேவைப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் கை கொஞ்சம் ஓங்குகிறது. அப்போது கேட்கும் பணம் வருகிற வேகமே வேறு.

மாதச் சந்தா போல ஒரே தொகை வரும் தொழிலில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மாதத்துக்கு மாதம் தொகை மாறும் தொழிலில் இதற்கு ஒப்புக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

பில்லும் போனும்

செலவே இல்லாத வழி இது. அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. தாமதமான பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கிளறினால், கொடுக்க மனமில்லாதவர்கள் நினைத்த அளவுக்கு இருக்க மாட்டார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் எண் விட்டுப்போயிருக்கும். சரக்கு வாங்கிய ஆளுக்கு பில் போயிருக்கும், கணக்குப் பிரிவுக்குப் போயிருக்காது. இரண்டு பெட்டி உடைந்திருக்கும், அதைச் சொல்லாமல் முழு பில்லையும் ஓரமாக வைத்திருப்பார்கள்.

என் வாடிக்கையாளர் ஒருவர் மாத முடிவில் மொத்தமாக உட்கார்ந்து பில் போடுவார். 3ஆம் தேதி அனுப்பிய சரக்குக்கு 30ஆம் தேதி பில். அவரே 27 நாள் கடனை இலவசமாகக் கொடுத்துவிட்டு வாங்கியவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சரக்கு கிளம்பும் அன்றே பில் என்று மாற்றியதில் கிடைத்த லாபத்தை எந்தத் தள்ளுபடியும் அவருக்குக் கொடுத்திருக்காது.

பில்லில் “30 நாட்களில்” என்று எழுதாதீர்கள். எந்த நாளிலிருந்து 30? பில் தேதியா, அவர்கள் கைக்கு வந்த தேதியா, மாத முடிவா? ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமாக எண்ணுவார்கள். கட்டவேண்டிய தேதியையே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். அந்த நிறுவனம் எந்தக் கிழமையில் பணம் அனுப்புகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியாழன்தோறும் அனுப்புகிறார்கள் என்றால் வெள்ளியன்று கெடு வைப்பதில் பயன் உண்டு. புதன்கிழமை வைத்தால் ஒரு நாள் தாமதம் நிச்சயம்.

போனைக் கெடு முடிந்த பிறகு செய்வதைவிட ஒரு வாரம் முன் செய்வது நல்லது. பணம் கேட்க அல்ல, “பில் வந்ததா, ஏதாவது திருத்தம் இருக்கா?” என்று கேட்க. உடைந்த பெட்டி விவகாரம் அப்போதே வெளியே வரும். கெடு தாண்டியவர்களுக்கு எழுதும்போது வார்த்தைக்கும் வலு உண்டு. பிரிட்டன் வரித்துறை 2011இல் பாக்கிதாரர்களுக்குப் பலவிதமான கடிதங்களை அனுப்பிச் சோதித்தது. பத்தில் ஒன்பது பேர் நேரத்தில் கட்டிவிடுகிறார்கள், கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர் என்ற பொருளில் எழுதியது, வழக்கமான கடிதத்தைவிட அதிகம் பேரைக் கட்டவைத்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நேரத்தில் கட்டுகிறார்கள் என்றால் அதை எழுதலாம். பொய்யாக எழுத வேண்டாம்.

எதற்கும் மசியாத ஒருவர் எல்லாருடைய பட்டியலிலும் இருப்பார். ஆர்டர் பெரிது, 90 நாளுக்கு முன் கட்டவே மாட்டார், விடவும் மனம் வராது. அவரிடம் தேதிக்காகப் போராடுவதை நிறுத்திவிட்டு, அடுத்த விலைப்பட்டியல் கொடுக்கும்போது அந்த 90 நாள் வட்டியை விலையில் ஏற்றிவிடச் சொல்வேன். அந்த விலைக்கும் சரி என்றால் இருக்கட்டும். முடியாது என்று போனால், அவருக்கு ஒதுக்கிய பணம் வேறு இரண்டு பேருக்கு ஆகும்.